290 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு: பழைய டெஸ்க்டாப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அலுவலகம் ஒன்று கழித்துக் கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப் இது. இப்போது என் அக்கா மகனிடம் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 290 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி மானிட்டர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி கிராபிக்ஸ் 4600தான் இதுவரை திரையைப் பார்த்துக்கொண்டது. பிராசசர் 2014ஆம் ஆண்டு வெளிவந்தது, இன்டெல்லின் 4ஆம் தலைமுறை. நான்கு கோர், நான்கு த்ரெட், 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், உச்சம் 3.7. எக்செல், பிரவுசர் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கும் குறை சொல்ல முடியாத பெட்டிதான்.

பையனின் தேவை மூன்று. ஜிடிஏ 5, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவை 1080பியில் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் கற்றுக்கொள்கிறான், அதில் ரெண்டர் போட (அமைத்த காட்சியைப் படமாக்க) வேண்டும். அவ்வப்போது ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளை வைத்து விளையாட்டைப் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெட் சிறியது. மொத்தச் செலவு இன்னொரு கணினியை நோக்கிப் போய்விடக் கூடாது என்பது என் நிபந்தனை.

அவன் ஏற்கெனவே முடிவோடுதான் வந்தான்.

“மாமா, சார்ட்ல ஆர்எக்ஸ் 580தான் மேல இருக்கு. பழைய கார்டு, விலையும் குறைவு. அதையே வாங்கிடலாமா?”

“சார்ட்ல இருக்குடா. உன் எஸ்எம்பிஎஸ்ல இருக்கா?”

பட்ஜெட் கார்டு தேடும் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். வேகப் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, கைக்கு எட்டும் விலையில் முதலில் வருவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய கணினிக்கு அந்த வழி ஒத்துவராது. பெட்டியைத் திறந்து, அது எதையெல்லாம் ஏற்காது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வர வேண்டும். மிச்சம் இருப்பவற்றில்தான் வேகம் பார்க்க வேண்டும். புதுக் கணினி கட்டுபவருக்கு கார்டுக்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ் வாங்கும் வசதி உண்டு. நமக்கு இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏற்ற கார்டுதான்.

மூடியைத் திறந்ததும்

முதலில் எஸ்எம்பிஎஸ். ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் 290 வாட் என்பது எல்லா வோல்ட்டேஜுக்கும் சேர்த்த மொத்தம். கார்டும் பிராசசரும் உறிஞ்சுவது 12 வோல்ட் வரிசையில் இருந்துதான். அந்த வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று ஸ்டிக்கரிலேயே சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படிக்க வேண்டும். மொத்தத் தொகை பெரிதாக இருந்து 12 வோல்ட்டில் கஞ்சத்தனம் காட்டும் மலிவு எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. அலுவலகக் கணினிகளில் வரும் பிராண்டட் எஸ்எம்பிஎஸ்கள் இந்த விஷயத்தில் பொதுவாக யோக்கியமானவை. எண் சிறியது, ஆனால் சொன்னதைக் கொடுக்கும். இதிலும் அப்படித்தான்; பெரும்பகுதி 12 வோல்ட்டிலேயே இருந்தது.

ஆனால் இதில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் வயரோ 8 பின் வயரோ இல்லை. சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாம் என்றால், மதர்போர்டுக்குப் போகும் வயர் வழக்கமான 24 பின் அல்ல, அந்த நிறுவனத்துக்கே உரிய 8 பின். கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை நேரடியாக மாட்ட முடியாது. இடையில் போடும் மாற்றி வயர்கள் கிடைக்கின்றன, பலர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். புது எஸ்எம்பிஎஸ், மாற்றி வயர், பிறகு 150 வாட் கார்டு என்று போனால் கார்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

இன்னொரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரில் இருந்து 6 பின்னாக மாற்றித் தரும் இணைப்பு. அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் இணைப்பிலிருந்து கார்டு 75 வாட் வரை கேட்கலாம். நல்ல நாளில் ஒன்றும் ஆகாது. கோடையில் மணிக்கணக்காக விளையாடும் நாளில் பிளாஸ்டிக் உருகும்.

ஆக, வெளி மின் இணைப்பே கேட்காத கார்டாக இருக்க வேண்டும். கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் தரக்கூடிய உச்சம் 75 வாட். அதிலும் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், 66 வாட், மீதி 3.3 வோல்ட்டில் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிராசசருக்கு 84 வாட், கார்டுக்கு 75, மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50. முழு மூச்சில் ஓடினாலும் 210 வாட் பக்கம்தான் வரும். பத்து வருடம் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸை அதன் உச்சத்துக்கு விரட்டக் கூடாது என்பதால் அந்த இடைவெளி எனக்குத் திருப்தி.

இந்த ஒரே வடிகட்டலில் ஆர்எக்ஸ் 570, 580, ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 எல்லாம் போய்விட்டன. 570க்கு 150 வாட், 580க்கு 185, 1650 சூப்பருக்கு 100, 6500 எக்ஸ்டிக்கு 107, 8 ஜிபி 3050க்கு 130. பையன் முகம் கொஞ்சம் வாடியது.

அடுத்து இடம். கேபினட் மினி டவர் என்பதால் முழு உயரக் கார்டு உள்ளே போகும். மெலிந்த கேபினட்டாக இருந்திருந்தால் அரை உயரக் கார்டுகள்தான், தேர்வு இன்னும் சுருங்கியிருக்கும். நீளத்துக்கு ஸ்லாட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை அளந்தோம். ஒற்றை ஃபேன் வைத்த குட்டைக் கார்டு தாராளமாக நுழையும். இரட்டை ஃபேன் நீளக் கார்டு கூண்டில் முட்டும்.

பலரும் அளக்காமல் விடுவது தடிமனை. அதிலும் ஸ்லாட்டின் முன்பக்க முனைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதை. இந்த மதர்போர்டில் சாட்டா இணைப்புகள் அந்த இடத்தில்தான் செங்குத்தாக நிற்கின்றன. வயரின் தலை நேராக மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டின் ஹீட்சிங்க் அதன் மேல் வந்து உட்காரும். கார்டு முழுதாக ஸ்லாட்டில் அமராது. அமர்ந்தது போலத் தெரியும், ஆனால் முன் முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும், ஸ்லாட்டின் கடைசிப் பூட்டு ‘டக்’ என்று விழாது. தலை மடங்கிய எல் வடிவ சாட்டா வயர் ஒன்றைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அற்பமான சாமான்தான், ஆனால் அதில்லாமல் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியிருக்கும்.

மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்ததால் அந்தக் கவலை இல்லை. விஜிஏ மட்டுமே உள்ள பழைய மானிட்டர் என்றால் கவனம் வேண்டும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே அனலாக் வெளியீடு எடுக்கப்பட்டுவிட்டது. வெறும் வயர் மாற்றி போதாது, சிக்னலையே மாற்றித் தரும் சிப் உள்ள மாற்றி வேண்டும்.

வாங்கும் முன்பே ஒரு சோதனை

கார்டு தேடுவதற்கு முன்னால் ராமைத்தான் கவனித்தோம். 8 ஜிபி ஒரே குச்சியாக மாட்டியிருந்தது. டிடிஆர்3-1600 ஒரு சேனலில் ஓடும்போது நொடிக்கு 12.8 ஜிபி தரவுதான் நகரும். அதே அளவில் இன்னொரு குச்சி போட்டால் இரண்டு சேனல், 25.6 ஜிபி. ஆக 16 ஜிபி கொள்ளளவு, இரட்டிப்புப் பாதை. பழைய டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும். கார்டே போடாமல், இந்த ஒரு மாற்றத்திலேயே எச்டி 4600இல் விளையாட்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளகியது. தனக்கென்று நினைவகம் இல்லாத உள் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் இது எதிர்பார்த்ததுதான்.

பிறகு பிராசசரின் எல்லையைப் பார்த்தோம். விளையாட்டின் தெளிவுத்திறனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 1080பி, 720பி, அதற்கும் கீழே. எல்லா அமைப்பும் குறைந்த நிலையில். ஒரு கட்டம் வரை நொடிக்கு வரும் பிரேம் எண்ணிக்கை ஏறும். அதற்கு மேல் எவ்வளவு குறைத்தாலும் ஏறாது. அந்த இடத்தில் கிராபிக்ஸ் அல்ல, பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. எந்தக் கார்டைக் கொண்டு வந்து போட்டாலும் அந்த எண்ணைப் பெரிதாகத் தாண்ட முடியாது. உள் கிராபிக்ஸும் பிராசசரும் மின்சாரத்தையும் ராமையும் பகிர்ந்துகொள்வதால் இந்த எண் ஒரு தோராயம்தான். ஆனாலும் கார்டுக்குக் காசு போடுவது வீணா இல்லையா என்று சொல்லிவிடும்.

எங்கள் விஷயத்தில் ஜிடிஏ 5 நன்றாகவே ஏறியது. வேலரன்டும் அப்படியே. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 சீக்கிரமே நின்றுவிட்டது. நான்கு த்ரெட் அதற்குப் போதவில்லை என்பது அப்போதே தெரிந்தது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். ஆகவே எட்ட வேண்டிய இலக்கு 60 பிரேம், அதைச் சீராகத் தர வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் இந்தப் பிராசசருக்கு கார்டு தேடுவதில் அர்த்தமில்லை.

பெயர்களில் இருக்கும் பொறி

75 வாட்டுக்குள் மிஞ்சியவை: ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1630, 1650, ஆர்எக்ஸ் 550, 560, 6400, இன்டெல் ஆர்க் ஏ380, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. பெயரைப் பார்த்து மட்டும் இவற்றில் எதையும் வாங்கக் கூடாது. குறைந்த விலைக் கார்டுகளில் ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது நிறுவனங்களுக்குப் பழகிப்போன வேலை.

மிக மோசமான உதாரணம் ஜிடி 1030. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி, மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அட்டைப்பெட்டியில் பெயர் அதேதான், வித்தியாசம் சின்ன எழுத்தில். இரண்டில் நல்லதாக இருந்தாலும் 1030இல் வீடியோ பதிவுக்கான என்கோடர் கிடையாது, எனவே ஓபிஎஸ் தேவைக்கு உதவாது.

ஆர்எக்ஸ் 560இல் 1024 கோர் உள்ளதும் உண்டு, 896 உள்ளதும் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் சிலவற்றில் 2304 கோருக்குப் பதில் 2048தான் இருக்கும், அதாவது 570இன் கோர் எண்ணிக்கை. ஜிடிஎக்ஸ் 1650 முதலில் ஜிடிடிஆர்5இலும், 2020இல் ஜிடிடிஆர்6இலும் வந்தது. நொடிக்கு 128 ஜிபி என்பது 192 ஆனது. இது நல்ல திசையில் நடந்த மாற்றம், பழைய கார்டு தேடினால் ஜிடிடிஆர்6 எது என்று கேட்டு வாங்கலாம். ஜிடிஎக்ஸ் 1630 2022இல் வந்த புதுக் கார்டு. எண்ணைப் பார்த்து 1050 டிஐயை விட மேல் என்று யாரும் நினைப்பார்கள். 64 பிட் நினைவகப் பாதையும் 512 கோரும் கொண்ட அது, 2016ஆம் ஆண்டின் 1050 டிஐயிடம் பின்தங்கும். அப்படி ஒரு கார்டை யார் வாங்குவார்கள் என்று நினைத்து வெளியிட்டார்களோ தெரியவில்லை.

3050ஐயும் இந்தப் பட்டியலில் வைக்க வேண்டும். 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் பாதை. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பாதை, நொடிக்கு 168 ஜிபி. நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைந்தது என்று பெயர் சொல்கிறது, உண்மையில் கார்டே வேறு. வேகத்தில் அடி விழுந்திருக்கிறது. ஆனால் 70 வாட், வெளி மின் இணைப்பு தேவையில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் நம் பட்டியலில் அது நிற்கிறது.

நான்கு லேன் விவகாரம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய கணினிக்காரர்களை ஆர்எக்ஸ் 6400 போலக் கவர்வது வேறெதுவும் இல்லை. 53 வாட்தான், அரை உயரத்திலும் கிடைக்கும், புதுக் கார்டு, மலிவு. 2022இல் வந்தது. எல்லாம் சரி. ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கே லேனில், அதாவது நான்கே தரவுத் தடத்தில். கார்டின் தங்கப் பற்கள் முழு நீளத்துக்கு இருக்கும், ஸ்லாட்டும் நீளமானதுதான், வேலை செய்வது நான்கு லேன்.

பிசிஐஇ 4.0 உள்ள புது மதர்போர்டில் நான்கு லேன் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி. நம்முடையது 3.0. அங்கே அது பாதியாகி 3.9 ஜிபி. 2ஆம் தலைமுறை இன்டெல்லில் 2.0தான், அங்கே வெறும் 2 ஜிபி. கார்டின் நினைவகத்துக்குள் விளையாட்டு அடங்கும்வரை இந்தப் பாதை குறுகியதாக இருப்பது பெரிதாகத் தெரியாது. 6400இல் இருப்பது 4 ஜிபி. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை ஒரு படி ஏற்றினால் நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்சத்தைக் கணினியின் ராமில் வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அந்த ஒற்றையடிப் பாதை வழியே இழுத்து வர வேண்டும். சராசரி பிரேம் எண்ணிக்கை ஓரளவு நன்றாகவே இருக்கும். நடுநடுவே திரை உறைந்து உறைந்து நகரும். சராசரியை மட்டும் காட்டும் பட்டியல்களில் இது தெரியாது.

இதே குடும்பத்தின் 6500 எக்ஸ்டி வந்தபோது பழைய மதர்போர்டுகளில் வேகம் விழுவதை விமர்சகர்கள் பலரும் சோதித்துக் காட்டினார்கள். பழைய கணினியை மேம்படுத்துபவர்தான் இந்த விலைக் கார்டை வாங்குவார், பழைய கணினியில்தான் அது நொண்டும்.

போதாததற்கு 6400இல் வீடியோ என்கோடரும் இல்லை. ஓபிஎஸ் பதிவை பிராசசரின் தலையில் கட்ட வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) உள் கிராபிக்ஸை அணைக்காமல் விட்டால் எச்டி 4600இல் உள்ள குவிக்சிங்க் என்கோடரை வைத்து எச்.264 வடிவில் பதிவு செய்யலாம், அது ஒரு வழி. ஆனால் இந்தப் பிராசசருக்கு ஏற்கெனவே வேலை நிறைய.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி எட்டு லேன் கார்டு. 3.0 ஸ்லாட்டில் நொடிக்கு 7.9 ஜிபி. நினைவகமும் 6 ஜிபி என்பதால் அந்தப் பாதைக்கே அடிக்கடி வர வேண்டியதில்லை. ஜிடிஎக்ஸ் 1650 பதினாறு லேனையும் பயன்படுத்தும், அந்த வகையில் பழைய கணினிக்கு அது நல்ல துணை.

ஒன்று கவனிக்க வேண்டும். எல்லா 4ஆம் தலைமுறை மதர்போர்டும் 3.0 அல்ல. பிராசசர் 3.0 தரும், ஆனால் எச்81 சிப்செட் உள்ள பல போர்டுகளில் அந்த ஸ்லாட் 2.0 வேகத்தில்தான் ஓடும். எங்களுடையது க்யூ87, அதில் 3.0 உண்டு. வாங்கும் முன் மதர்போர்டின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

மீதியை அடித்தது எது

இன்டெல் ஆர்க் ஏ380 தாளில் மிக அழகு. 6 ஜிபி, நொடிக்கு 186 ஜிபி, ஏவி1 என்ற புது வீடியோ வடிவில் பதியும் வசதிகூட உண்டு. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அதன் உண்மையான வேகம் வரும், இன்டெல்லே 10ஆம் தலைமுறை முதல்தான் பரிந்துரைக்கிறது. 2014ஆம் ஆண்டு பயாஸில் அது கிடையாது. பல ஏ380 கார்டுகள் வெளி மின் இணைப்பும் கேட்கின்றன. அடித்தாயிற்று.

750 டிஐ, 1050 டிஐ இரண்டும் அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கென்றே பிறந்தவை போல் இருந்தன. இப்போது டிரைவர் பக்கம் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இவை சேர்ந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு புது விளையாட்டுகளுக்கான டிரைவர் நிற்கும், பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்துவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர் தூக்கிப் போட வேண்டியதில்லை. புதிதாகக் காசு போட்டு வாங்க மட்டும் மனம் வரவில்லை.

பிளெண்டர்தான் ஏஎம்டி பழைய கார்டுகளுக்குக் கடைசி ஆணி. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் இருந்த ஓபன்சிஎல் ஆதரவை (ஏஎம்டி கார்டில் ரெண்டர் ஓட்டும் வழி) 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 எடுத்துவிட்டது. அதற்குப் பதில் வந்த எச்ஐபி, ஆர்எக்ஸ் 550, 560, 570, 580 ஆகிய போலாரிஸ் கார்டுகளுக்கு வேலை செய்யாது. அதாவது பையன் கேட்ட 580ஐ எப்படியாவது உள்ளே திணித்து மின்சாரமும் கொடுத்திருந்தாலும், ரெண்டர் பிராசசரில்தான் ஓடியிருக்கும். வேகப் பட்டியல் விளையாட்டை மட்டும் அளக்கிறது. இதை அவனிடம் காட்டிய பிறகுதான் 580 பேச்சு நின்றது.

மிஞ்சியது இரண்டு: செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650, புது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. விளையாட்டுக்கு மட்டும் என்றால் நான் ஜிடிடிஆர்6 1650ஐச் சொல்லியிருப்பேன். இந்தப் பிராசசரோடு 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பல விளையாட்டுகளில் தெரியவே தெரியாது. பிளெண்டரில் தெரியும். 3050இன் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிடும்) கோர்களை என்விடியாவின் ஆப்டிக்ஸ் ரெண்டர் முறை பயன்படுத்திக்கொள்ளும், 6 ஜிபியில் கொஞ்சம் பெரிய காட்சிகளும் அடங்கும். சின்ன அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி பிரேமைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும். என்கோடரும் ஒரு தலைமுறை மேல். முதலில் வந்த 1650இல் பழைய தலைமுறை என்கோடர்தான் வைத்திருந்தார்கள். நாளைக்குக் கணினியே மாறினாலும் கார்டை எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் 3050.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்விடியாவின் பழைய ஃபெர்மி காலத்துக் கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி விற்கும் மோசடி பல வருடமாக நடக்கிறது. விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். 2018 முதல், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் இத்தகைய கார்டுகளைப் ‘போலி’ என்று அடையாளம் காட்டுகிறது. கையில் வாங்கும் இடத்திலேயே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், பெட்டியை நம்பக் கூடாது. கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டு என்ற பயம் 75 வாட் வகையில் குறைவு. எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் முடிந்தபோது சந்தைக்கு வந்து குவிந்தவை பெரும்பாலும் 570, 580 போன்ற பெரிய கார்டுகள்.

மாட்டியபோது

முதலில் பயாஸைக் கணினி நிறுவனத்தின் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பித்தோம். பழைய பயாஸோடு புதுக் கார்டு போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும் சாத்தியம் உண்டு. அப்போது புதுப்பிக்க வேண்டுமானால் கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி உள் கிராபிக்ஸில் வர வேண்டும். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

கரண்டைத் துண்டித்து, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, பின் தகட்டைக் கழற்றி, கார்டை நேராக அழுத்தினோம். எல் வடிவ வயர் தன் வேலையைச் செய்தது, பூட்டு விழுந்தது. மானிட்டர் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்து கார்டில் மாட்ட வேண்டும். சிரிக்க வேண்டாம், கார்டு வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இது நிறையவே உண்டு.

டிரைவர் போட்டு முடித்ததும் ஜிபியு-இசட்டைத் திறந்தால் பஸ் வேகம் 1.1 என்று காட்டியது. பையன் பதறிப்போனான். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த லிங்க் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் சோதனையை ஓட விட்டதும் 3.0, எட்டு லேன் என்று நிமிர்ந்து நின்றது.

விளையாட்டில் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. ஜிடிஏ 5 உயர் அமைப்பில் 60ஐ விட்டு இறங்காமல் ஓடியது, நகர நெரிசலில் மட்டும் சற்றே சறுக்கியது. அந்த நேரத்தில் பார்த்தால் பிராசசரின் நான்கு கோரும் முட்டி நிற்க, கார்டு பாதிக்குச் சற்று மேல் வேலையில் இருந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் இது இன்னும் அப்பட்டம். கிராபிக்ஸ் அமைப்பை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் பிரேம் எண்ணிக்கை நகரவே இல்லை. இப்படி ஆனால் அமைப்பைக் குறைப்பதில் பயனில்லை. கூட்டி வைத்து அழகாவது பார்க்கலாம். பிரேமை 60இல் பூட்டியதும் பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, இழுப்பும் குறைந்தது.

பிளெண்டரில்தான் பெரிய மாற்றம். நான்கு கோரில் ரெண்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும் பழக்கம் போய், காட்சியைத் திருப்பிக்கொண்டே வெளிச்சத்தைச் சரிசெய்யும் நிலை வந்தது. பதிவு செய்யும்போது என்கோடர் கார்டில் இருப்பதால் பிராசசருக்குக் கூடுதல் பாரம் தெரியவில்லை. வெப்பமும் கட்டுக்குள்தான்.

எது எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற 2025இன் விளையாட்டுகள் குறைந்தபட்சமாகவே ரே டிரேசிங் வன்பொருளும் 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் எட்டு கோர் பிராசசரும் கேட்கின்றன. இந்தப் பெட்டியில் எந்தக் கார்டைப் போட்டாலும் அந்த வகை நமக்கில்லை. இயங்குதளம் இன்னொரு முட்டுக்கட்டை. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8ஆம் தலைமுறை இன்டெல் முதல்தான். ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10இல் விளையாட்டு டிரைவர் 2026 அக்டோபர் வரை உண்டு என்று என்விடியா சொல்லியிருக்கிறது. அதற்குள் மதர்போர்டும் பிராசசரும் மாற்றும் பேச்சு வரும். கார்டு அப்போது கூடவே போகும், 4.0 ஸ்லாட்டில் இன்னும் தாராளமாக மூச்சு விடும்.

கணினி வேறாக இருந்தால் என் பதிலும் மாறியிருக்கும். சாதாரண 24 பின் மதர்போர்டும், 6 பின் வயரோடு நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்து, தேவை விளையாட்டு மட்டும் என்றால், செகண்ட் ஹேண்ட் 1650 சூப்பரைத் தயங்காமல் எடுத்திருப்பேன். மெலிந்த கேபினட் என்றால் அரை உயர 3050 6 ஜிபி, அது கிடைக்காவிட்டால் அரை உயர 1650. படம் பார்க்கவும் கூடுதல் மானிட்டர் மாட்டவும் மட்டும் என்றால், ஜிடிடிஆர்5 என்று எழுதியிருக்கும் 1030 போதும். 2ஆம் அல்லது 3ஆம் தலைமுறைப் பிராசசர் என்றால் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைகளே அதில் கிடையாது. அவை இல்லாமல் திறக்கவே மறுக்கும் விளையாட்டுகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெட்டிக்கு யாரேனும் கார்டு கேட்டால் காசை அப்படியே வைத்திருக்கச் சொல்வேன்.